மார்ச் வரை ஓடவேண்டிய ரயர்கள்

நவம்பர் 2, புதன்

எடை 58.4. தண்ணீர் நான்கு கோப்பை. இரத்த அழுத்தம் சாதாரணம்.

இந்தக் கொப்பியைத் தந்தவள் டயாலிசிஸ் பிரிவுத் தாதி டெனிஸ். என் மனைவி நவமணியின் எடையையும் அவள் குடிக்கும் தண்ணீரையும் தினமும் எழுதவேண்டுமாம். ஒரு பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. வீதியைப் பற்றியும் எழுதுகிறேன்.

இன்று முதல் பனி. தோசைக்கல்லில் எண்ணெய் தடவிய அளவுதான். ஆனாலும் தபால் கந்தோர்ச் சந்தியில் கார் கோட்டில் நிற்கவில்லை. அரைக் கார் நீளம் தாண்டிப் போய்த்தான் நின்றது. குறுக்கே ஒருவரும் வராதது நல்லதாய்ப் போயிற்று. நவமணி தன் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ரயர் வழுக்குகிறது என்றேன்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சட்பரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போக எண்பத்தைந்து கிலோமீற்றர், வர எண்பத்தைந்து. நான்கு மணித்தியாலம் இயந்திரம் அவளுடைய இரத்தத்தைக் கழுவும். ஒரு நாள் தவறினாலே முகம் வீங்கிவிடும். ஸ்காபரோவில் மகன் பிரதீபன் வீட்டுக்குப் பக்கத்தில் மார்ச் பதின்மூன்றிலிருந்து ஒரு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் நான் ஓட்டவேண்டும். அவ்வளவுதான் விடயம்.

பதினொரு வருடம் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவன் நான். சண்டைக் காலத்துச் செல்லடியிலும் ஓட்டினேன், விளக்குப் போடாமலும் ஓட்டினேன். பிறகு இந்த ஊர்க் காகித ஆலையில் இருபத்துநான்கு வருடம், கோடையோ பனியோ நானேதான் காரில் போய்வந்தேன். நாலு மாதம் ஒரு பெரிய விடயமில்லை.

நவம்பர் 5, சனி

நவமணியோடு ரயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் எய்னோ பின்லாந்துக்காரரின் மகன். எழுபது வயதுக்கு மேலே, தனியாகத்தான் வேலை செய்கிறார். ஒரு சொல் பேசுவதற்கு முன் மூன்று சொல்லை விழுங்குகிற மனிதர்.

பழைய ரயரின் பள்ளத்துக்குள் இரண்டு டொலர் காசைச் செருகிப் பார்த்தார். காசில் இருக்கும் கரடியின் பாதத்தோடு பள்ளம் முடிந்தால் ரயர் சரி இல்லையாம். என்னுடையதில் கரடி இடுப்பளவுக்குப் புதைந்தது. தேய்வு இல்லை, ஆனால் இது கோடைக்கான றப்பர், குளிர் கூடினால் கட்டையாக இறுகிவிடும் என்றார். குளிர்கால ரயர் மெல்லிய றப்பர். நகத்தால் அழுத்தினால் பதிகிறது. அதன் முகம் முழுக்கக் கத்தியால் கீறினதுபோலச் சின்னச் சின்ன வெட்டுகள். அவைதான் பனியைக் கவ்விப் பிடிக்குமாம்.

காரை இழுப்பது முன்சில்லுகள்தானே, முன்னுக்கு இரண்டு போட்டால் காணாதா என்று கேட்டேன். எய்னோ கையில் இருந்த ரயரைக் கீழே வைத்துவிட்டார். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுழன்று உன்னை முந்திக்கொண்டு போகும், நாலுகால் மாட்டுக்கு இரண்டு காலுக்கு மட்டும் லாடம் அடிப்பார்களா என்று கேட்டார். ஆள் பேசாவிட்டாலும் பேசினால் பேச்சுத்தான். நான்கும் போட்டோம்.

பிறகு நவமணி கைப்பையிலிருந்து நாலு தேசிக்காய் எடுத்து நாலு சில்லுக்கும் கீழே வைத்தாள். எய்னோ ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார். காரை மெதுவாகத்தான் எடுத்தேன். புது ரயர் பிடித்த பிடியில் கார் பாய்ந்து, அவருடைய கராஜ் கதவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. எய்னோ கதவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிடி நல்லாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

அவர் ஒன்று மட்டும் கேட்டார், ஏன் சப்பாத்து இல்லாமல் ஓட்டுகிறாய் என்று. காருக்குள் நான் சப்பாத்தோடு ஏறுவதில்லை. கண்ணாடிக்குக் கீழே முருகன் இருக்கிறார், அது ஒரு காரணம். மினிபஸ்ஸிலும் வெறுங்காலோடுதான் ஓட்டினேன், காலுக்குத்தான் பெடல் பேசும், அது மற்றக் காரணம். பனிச்சப்பாத்தைக் கழற்றிப் பின்னால் ஒரு தட்டில் வைத்துவிட்டுக் காலுறையோடு ஓட்டுவேன். இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. வழக்கம் என்றேன்.

நவம்பர் 7, திங்கள்

எடை 58.1. போய் வந்தோம். ரயர் நல்ல பிடி.

நவம்பர் 16, புதன்

எடை 58.6. தண்ணீர் ஐந்து கோப்பை. ஐந்தாவதை எனக்குத் தெரியாமல் குடித்தாள்.

விடியவிடியப் பனி. பதினேழாம் நெடுஞ்சாலையில் பனி வழிக்கும் வண்டிக்குப் பின்னால் நாற்பதில் போனோம். அதை முந்தப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பனியில் எல்லாம் மெதுவாகச் செய்யவேண்டும், திருப்பினாலும் மெதுவாக, பிறேக் என்றாலும் மெதுவாக, முன்னால் போகிற காருக்கு மூன்று மடங்கு இடம் விடவேண்டும். வளைவில் பிறேக்கைத் தொடக்கூடாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிடவேண்டும். இது ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சட்பரிக்குள் நுழைந்த பிறகு ஒரு சிவப்பு விளக்கில் கார் நிற்கவில்லை. பாதசாரிக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கையில் கோப்பிக் கோப்பையோடு நின்ற ஒருத்தி என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள், கண்ணாடி மூடியிருந்ததால் கேட்கவில்லை. கறுப்பு ஐஸ். கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அதன் வேலை. எனக்குப் பக்கத்துப் பாதையில் பழைய டிறக் ஒன்று கோட்டிலேயே நின்றிருந்தது. அந்தப் பாதையில் ஐஸ் இல்லாமல் இருந்திருக்கும்.

வரும்போது நவமணி தூங்கவில்லை. முந்தியெல்லாம் இயந்திரத்திலிருந்து எழும்பினால் ஊர் வந்து சேரும் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள்.

நவம்பர் 27, ஞாயிறு

எடை 59.0.

குசினிக்குள் போனேன். என்னுடைய ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது, மற்றது வீட்டு நடையில் கிடக்கிறது என்று நவமணி சொன்னாள். அது எப்போது கழன்றது என்று கேட்டாள். வயதுபோனால் செருப்புக்கும் சலிப்பு வரும் என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள். குனிந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும், அதுதான் எனக்குக் கோபம்.

டிசம்பர் 3, சனி

இந்த ரயர் போதாது. எய்னோவிடம் போய் ஆணி பதித்த ரயர் வேண்டும் என்றேன். இந்த வடக்குப் பக்கத்தில் அதற்கு அனுமதி உண்டு. ஆணி ஐஸுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

அவர் திறப்பை வாங்கிக் காரைத் தன் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். அங்கே பளிங்குபோல ஐஸ். நாலு தடவை வேகமாக வந்து நிறுத்தினார். நாலு தடவையும் தான் அடையாளத்துக்குப் பெயின்ற் தகரம் வைத்த இடத்திலேயே நின்றது. இறங்கி வந்து, ரயரில் பிழை இல்லை என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். நான் அப்போதும் காலுறையோடு அவருடைய பலகைப் படியில்தான் நின்றிருந்தேன். கால் குளிரவில்லையா என்று கேட்டார். சுழியத்துக்குக் கீழே பதினெட்டு.

நான் வாங்க வந்தவன், நீ விற்க இருக்கிறவன், பொருளைத் தா என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் ஆணி ரயர் நான்கையும் உருட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு திருகாணியாக இறுக்கிவிட்டு, ஆணி ஐஸுக்குத்தான், காய்ந்த தரையில் அது உனக்கு உதவாது என்றார். தெரியும் என்றேன்.

டிசம்பர் 9, வெள்ளி

எடை 58.2.

ஆணி ரயர் வீதியில் ஓடும்போது இரும்புச் சட்டியில் மிளகாய் வறுக்கிற சத்தம். பழகிவிடும்.

வரும்போது காருக்குள் ஏதோ கருகுகிற மணம். நவமணிதான் முதலில் பிடித்தாள். காரை ஓரமாக நிறுத்திப் பார்த்தோம். வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை என்பதால் காலுக்குச் சூடு ஊதுகிற துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். வலது காலுறை அந்தத் துவாரத்தில் ஒட்டிப்போய் நைலோன் உருகியிருந்தது. மலிவான காலுறை.

வீட்டுக்கு வந்து கழற்றினால் பெருவிரலுக்கு மேலே ஒரு கொப்புளம், தேசிக்காய்ப் பாதியளவு. நவமணி சுடுதண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்து நிலத்தில் இருந்துகொண்டு கழுவினாள். அவளுடைய கை நின்றது.

"நோகேல்லையோ?" என்று கேட்டாள்.

நோகுது என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். நான் ஆ என்றேன். கொஞ்சம் பிந்திச் சொன்னேனோ தெரியவில்லை.

டிசம்பர் 12, திங்கள்

எடை 58.9.

நான் நொண்டுவதை டெனிஸ் கண்டுவிட்டாள். கால் வைத்தியரிடம் ஐந்து நிமிடம் காட்டு, இதே மாடியில்தான் இருக்கிறார், உனக்குச் சீனி வருத்தம் இருக்கிறதே என்றாள். கேத்தில் சுடுதண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன், ஆறுகிறது என்றேன். தொண்டர்கள் கார் ஓட்டிக்கொண்டு வந்து நோயாளரை ஏற்றி இறக்குகிறார்கள், பெயர் பதியவா என்றும் கேட்டாள். நல்ல பிள்ளை. ஆனால் என் மனைவியை முன்பின் தெரியாத ஒருவன் ஏற்றிக்கொண்டு போக, நான் வீட்டில் இருந்து யன்னலைப் பார்க்கவா?

வைத்தியரிடம் காலைக் காட்டினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஓட்டத் தகுதி இல்லை என்று கண்டால் அவர்கள் லைசென்ஸ் கந்தோருக்கு எழுதவேண்டும், அது இந்த நாட்டுச் சட்டம். ஆலையில் என்னோடு வேலை செய்த ஒருவனுக்குக் காக்காய்வலிப்பு என்று எழுதி, ஒரு கிழமைக்குள் கடிதம் வந்தது. கொப்புளத்துக்கும் காக்காய்வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஏன் வீண் வம்பு?

மார்ச் பதின்மூன்றுக்கு இன்னும் தொண்ணூற்றொரு நாள்.

டிசம்பர் 23, வெள்ளி

எடை 60.3. புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். போகவில்லை.

டிசம்பர் 24, சனி

எடை 61.5. தண்ணீர் ஒரு கோப்பை. அதையும் ஐஸ் கட்டியாக்கிச் சூப்பினாள்.

காலையில் அவளுடைய கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. மூச்சில் சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து, பாதை திறந்தவுடன் வாருங்கள் என்று போன் எடுத்தார்கள். பதினொன்றரைக்குத் திறந்தார்கள், உடனே வெளிக்கிட்டோம்.

வீதியும் வானமும் ஒரே வெள்ளை. எது ஓரம், எது நடு என்று தெரியவில்லை. முன்னால் போன பாரவண்டியின் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். ஆணி ரயர் இல்லாவிட்டால் இன்று போயிருக்கமுடியாது, அதை எய்னோவே ஒத்துக்கொள்வார்.

ஒரு விடயம் எழுதவேண்டும். ஊரைத் தாண்டியவுடன் நவமணி இடக்கையை எடுத்து என் வலது முழங்காலில் வைத்தாள். இருக்கையிலிருந்து சரிந்து, கையை எட்டிப் பிடித்து வைக்கவேண்டியிருந்தது. பிறேக் பிடிக்கவேண்டிய இடங்களில், "இப்ப, மெல்ல" என்று சொல்லி முழங்காலைக் கீழே அமத்தினாள். விடவேண்டிய இடத்தில் தூக்கினாள். கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருடத்தில் காருக்குள் அவள் இப்படிக் கை வைத்ததில்லை. பயத்தில் அன்பு கூடிவிட்டது போல. எனக்குச் சந்தோசமாக இருந்தது. சிக்னல் எல்லாவற்றிலும் கோட்டிலேயே நின்றோம்.

ஜனவரி 4, புதன்

எடை 58.0.

அந்தப் புயல் நாளிலிருந்து ஆறு தடவை போய்வந்திருக்கிறோம். ஒரு சிராய்ப்பு இல்லை. கை முழங்காலில்தான். நாங்கள் இப்போது பேசுவதுகூட இல்லை. அவள் அமத்துவாள், நான் நிற்பேன்.

ஆனால் திரும்பி வருகிற பயணம் அவளுக்குக் கஷ்டம். இயந்திரத்திலிருந்து எழும்பும்போது அழுத்தம் எண்பதுக்கு இறங்கிவிடுகிறது, தலை நிற்காது. தூங்காமல் இருக்கக் கன்னத்தைத் தானே கிள்ளுகிறாள். நீர் தூங்கும் என்று சொன்னேன். வீட்டை போய்த் தூங்கலாம் என்றாள்.

ஜனவரி 8, ஞாயிறு

கொப்புளம் இருந்த இடம் கறுத்திருக்கிறது. கெட்ட மணம் வருகிறது. மஞ்சள் பூசினேன்.

ஜனவரி 15, ஞாயிறு

எடை 59.2. பொங்கல். அவளுக்கு இரண்டு கரண்டி மட்டும். வெல்லமும் பாலும் ஆகாது.

பிரதீபன் காலையில் போன் எடுத்தான். ஒரு மாதம் லீவு போட்டுக்கொண்டு வந்து தானே ஓட்டுகிறேன் என்றான். புது வேலை, ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதைக் கெடுத்துக்கொண்டு வராதே, ரயர் எல்லாம் புதுசு, ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். அவன் அம்மாவோடு கதைக்கவேண்டும் என்றான். அவள் போனை வாங்கி, "ஓமப்பு, சுகமாத்தான் போய்வாறம்" என்றாள்.

போனை வைத்த பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் இதை விட்டால் என்ன?"

"எதை?"

"இந்த இரத்தம் கழுவுறதை. டெனிஸிட்டைக் கேட்டனான். விட்டால் ஒரு கிழமை, பத்து நாளாம். பெரிசா நோகாதாம்."

உமக்கு விசரா என்று கத்தினேன். இன்னும் எட்டுக் கிழமை, அதற்குப் பிறகு மகன் வீட்டில் இருந்து நடந்தே போகலாம், இவ்வளவு தூரம் ஓட்டினது இதற்கா என்று கத்தினேன். அவள் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரும் ஒரு பிள்ளையை அடிச்சுப்போட்டியள் எண்டால் நான் என்னெண்டு தாங்குவன்?"

"நல்ல ரயர் போட்டாச்சு. இனி என்ன பயம்?"

"நான் ரயரைச் சொல்லேல்லை" என்றாள்.

நான் எழும்பிப் போய் வாசலில் பனி வழித்தேன். ஏற்கெனவே காலையில் வழித்த வாசல்தான்.

ஜனவரி 20, வெள்ளி

நவமணி ஆஸ்பத்திரியில். இன்று எழுத முடியாது.

ஜனவரி 22, ஞாயிறு

நடந்ததை எழுதவேண்டும்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் முடிந்தபோது பன்னிரண்டே முக்கால். அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. டெனிஸ் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். நான் காரை எடுத்துக்கொண்டு வரப் போனேன். வாசலுக்கு மேலே பெரிய கூரை இருக்கிறது, ஆட்களை ஏற்றி இறக்க. நான் வருவதற்குள், நவமணி சால்வையை உள்ளே விட்டுவிட்டாள் என்று டெனிஸ் அதை எடுக்க ஓடினாளாம். நவமணி தனியே இருந்தாள். என்னைக் கண்டு கையைத் தூக்கினாள்.

மெதுவாகத்தான் வந்தேன். பிறேக் பிடித்தேன். கார் வழுக்கியது. நாற்காலியில் மோதி, அவளைத் தூணோடு கொண்டுபோய் வைத்தது.

இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் முறிவு.

பொலிஸ் வந்தது. ஒரு பெண், வயது முப்பது இருக்கும். என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டாள். நவமணி படுக்கையிலிருந்து, மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னாள். ஐஸ். மூன்று தடவை சொன்னாள். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

ஜனவரி 23, திங்கள்

காரில் பெரிய சேதம் இல்லை, முன் விளக்கு மட்டும். நானே ஓட்டிக்கொண்டு போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்காலில் கை இல்லாமல். எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜனவரி 25, புதன்

பிரதீபன் நேற்று வந்தான். அம்மாவின் கட்டிலை விட்டு அசையவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எப்படி ஐஸ் இருக்கலாம் என்று என்னைக் கேட்டான். தெரியவில்லை என்றேன்.

அவன் கோப்பி வாங்கப் போன நேரத்தில் நான் அந்தக் கூரைக்குக் கீழே போய் நின்றேன். கொங்கிறீட் காய்ந்து கிடந்தது. உள்ளே சூட்டுக் குழாய் ஓடுகிறதாம், அங்கே ஐஸ் பிடிப்பதே இல்லை என்று வாசல் காவலாளி சொன்னார். வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா என்று கேட்டேன். எப்போதும் இப்படித்தான் என்றார். என் ரயர் ஆணி கீறின கோடு அங்கே இருக்கிறது. நிற்கப் பார்த்த கோடு இல்லை, முன்சில்லு சுழன்று பாய்ந்த கோடு. ரயர் படித்தவனுக்கு அது விளங்கும்.

எனக்கு விளங்கியது. உண்மையில் முந்தியே விளங்கியிருந்தது.

ஜனவரி 27, வெள்ளி

சத்திரசிகிச்சை செய்ய முடியாது என்கிறார்கள். இருதயம் தாங்காது. இயந்திரத்தில் போட்டால் பத்து நிமிடத்தில் அழுத்தம் விழுகிறது, நிறுத்துகிறார்கள். எடை பார்க்க அவளைத் தூக்கமுடியாது, எழுதுவதற்கு எண் இல்லை.

இனிக் காணும், இயந்திரம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். டெனிஸ் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிரதீபனை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் குனியச் சொன்னாள்.

"பிள்ளைக்குச் சொல்லாதையுங்கோ. அவன் பொறுக்கமாட்டான். எனக்குப் பிறகு உங்களுக்கு அவன் ஒருத்தன்தான். ஐஸ் எண்டே இருக்கட்டும்."

ஓம் என்றேன். என்னை மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல நினைத்து, அதைச் சொன்னால் என்னத்தை என்று சொல்லவேண்டி வரும் என்று சொல்லாமல் விட்டேன். இவ்வளவு கோழை நான் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. செல்லடிக்குள் மினிபஸ் ஓட்டினேன் என்று கதை விடுகிறவன்.

ஜனவரி 29, ஞாயிறு

காலை பத்து பதினைந்துக்கு நவமணி போய்விட்டாள்.

பெப்ரவரி 2, வியாழன்

ஸ்காபரோவில் தகனம். பனியிலும் இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள், பாதிப் பேரை எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, பனி கொன்றுபோட்டுது என்றார்கள். நான் ஓம் ஓம் என்றேன்.

பெப்ரவரி 5, ஞாயிறு

எட்டாம் நாள் படையல். அவளுக்குப் பிடித்தது எல்லாம் சமைத்துப் படைத்தார்கள். நாலு மாதமாகத் தொடவிடாத வாழைப்பழமும் இளநீரும் அவளுடைய படத்துக்கு முன்னால் இருந்தன.

சாப்பிட்ட பிறகு ஆண்கள் எல்லாம் மகன் வீட்டு நிலவறையில் இருந்தோம். பேச்சு ரயருக்குத் திரும்பியது. ஒருவர் ஆணி ரயர் காய்ந்த வீதிக்கு ஆபத்து என்றார். மற்றவர் நாலையும் மாற்றாமல் இரண்டை மாற்றியிருப்பார்கள் என்றார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை, மரியாதைக்கு. சதானந்தன் என்று ஒருவர், பிரதீபனின் கூட்டாளி, விபத்து வழக்குகள் எடுத்து நடத்துகிறவர். அவர் மடியில் ஒரு கொப்பியோடு இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஐஸ் என்று வழக்காடுவதை விட ரயர் கடைக்காரனைப் பிடிப்பது லேசு, ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை ரயர் மாற்றியிருக்கிறான், ஏதோ பிழை என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது என்று சொன்னார். பிரதீபன் எய்னோவின் பெயரைக் கேட்டு எழுத வந்தான். அவனுடைய கண் சிவந்திருந்தது.

"அந்தக் கிழவனை நான் விடமாட்டன் அப்பா. பிழையான ரயரைப் போட்டு அம்மாவைக் கொன்றுபோட்டான். கடையை மூடவைக்கிறன்."

அவனுக்கு யாரிலாவது கோபப்பட வேண்டும். அது எனக்கு விளங்கியது. நான் பேசாமல் இருந்தால் அந்தக் கோபம் எண்பத்தைந்து வயது வரைக்கும் ரயர் கழற்றிப் பூட்டி வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு மனிதனின் தலையில் விழும். எனக்கு மகன் இருப்பான். நவமணி அப்படித்தான் ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

எய்னோவின் முழுப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தம்பி, அந்த மனிசனை விடு. அங்கை ஐஸ் இல்லை. காய்ஞ்ச தரை. என்ரை காலுக்கு ஒண்டும் தெரியிறேல்லை, ரெண்டு வருசமா. பிறேக் எண்டு நினைச்சு மற்றதை மிதிச்சுப்போட்டன். நான்தான் அடிச்சனான்."

சதானந்தன் கொப்பியை மூடினார். மேலே பெண்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிரதீபன் நின்ற இடத்திலேயே நின்றான். சின்ன வயதில் விழுந்து எழும்பினால் அழுவதற்கு முன் ஒரு கணம் அவன் முகம் இப்படித்தான் வெறுமையாக இருக்கும்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியும்" என்றேன்.

அவன் கிட்ட வந்து கையை நீட்டினான். ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சட்டைப் பைக்குள் இருந்த கார்த் திறப்பை எடுத்து அவனுடைய கையில் வைத்தேன். அவன் விரலை மடக்கிக்கொண்டு மேலே போனான். இதை எழுதும் வரைக்கும் கீழே வரவில்லை.